பத்துப் பேரும் நன்றாக உழைத்தால்



இந்தச் சொற்பொழிவு நம் பேராசிரியரின் நினைவாக நடக்கிறது. அவரிடம் மூன்றாண்டு புள்ளியியல் படித்தவன் என்ற தகுதியில்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் மற்ற வகுப்புகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் ஒட்டுவார்கள். ஐயா ஒட்டமாட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, விடைத்தாளில் எந்த வரியில் வழி தவறினோம் என்று விரல் வைத்துக் காட்டுவார். "பக்கத்துல இருக்கறவன் எவ்வளவுன்னு பார்க்காதே, கேள்வி என்ன கேட்டுதுன்னு பாரு" என்பார்.

அந்தச் சொல்லை மறந்து நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜராக இருந்தேன். என் டீமில் பத்துப் பேர். அந்த ஆண்டு ஒரு வங்கிக்கான வேலையைத் தவணை தவறாமல் முடித்துக் கொடுத்திருந்தோம். கடைசி ஆறு வாரம் சனி, ஞாயிறு யாருக்கும் இல்லை. பிறகு அப்ரைசல் வந்தது. பத்துப் பேரையும் பெல் கர்வில், அதாவது மணி வடிவ வளைவில், பொருத்த வேண்டும், ஒருவருக்காவது கடைசி ரேட்டிங் கொடுத்தாக வேண்டும் என்று எச்.ஆரில் சொன்னார்கள். வாதாடினேன், பலிக்கவில்லை. மகப்பேறு விடுப்பில் மூன்று மாதம் போய்த் திரும்பியிருந்த ஒரு பெண்ணின் பெயரை எழுதினேன். அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. எழுதுவதற்கு எளிதாக இருந்த பெயர், அவ்வளவுதான். அவர் சண்டை போடவில்லை. "சார், நான் எதைச் சரியாச் செய்யலன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நோட்டீஸ் பீரியட் முடிந்து அவர் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடித்தான் இந்த உரை.

ரெட்மண்டில் நடந்தது

ஊழியரை ஒருவருக்கொருவர் எதிரே நிறுத்தி வரிசைப்படுத்தும் முறையைப் புகழ்பெறச் செய்தவர் ஜாக் வெல்ச். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். மேலே 20 விழுக்காடு, நடுவே 70, கீழே 10 என்று ஊழியரைப் பிரித்து, கீழே இருப்பவர்களை வெளியே அனுப்புவது அவர் வகுத்த வழி. தொழிற்சாலைகளிலிருந்து இது மென்பொருள் துறைக்கும் பரவியது. அங்கே இதன் விளைவை முழுதாகக் காண, ரெட்மண்டில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் கதை போதும்.

ஸ்டீவ் பால்மர் தலைமை ஏற்றது 2000-ஆம் ஆண்டு. அடுத்து வந்த பத்தாண்டுகளில் அந்த நிறுவனத்தில் திறமைசாலிகளுக்குப் பஞ்சமில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் 2001-இல் வேலை தொடங்கிய அடுத்த பெரிய விண்டோஸ், விஸ்டா என்ற பெயரில் பொதுமக்கள் கைக்கு வர 2007 ஜனவரி ஆயிற்று. அதே 2007-இல் ஐஃபோன் வந்தது. 2010-இல் இளைஞருக்கென்று கொண்டுவந்த கின் என்ற ஃபோனை மைக்ரோசாஃப்ட் இரண்டே மாதத்தில் கைவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்று 2012-இல் வேனிட்டி ஃபேர் இதழில் கர்ட் ஐகன்வால்ட் எழுதினார். தாம் பேசிய ஊழியர், முன்னாள் ஊழியர் அத்தனை பேரும் நிறுவனத்தை அதிகமாகச் சீரழித்தது 'ஸ்டாக் ரேங்கிங்' என்ற இந்த வரிசைப்படுத்தும் முறைதான் என்று சொன்னதாகப் பதிவு செய்தார். பத்துப் பேர் கொண்ட குழுவில் எவ்வளவு நன்றாக வேலை நடந்தாலும் இரண்டு பேர் சிறந்தவர், ஏழு பேர் சுமார், ஒருவர் மோசம். வேலை தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிட்டது.

இதற்கு அறிவுள்ள மனிதர்கள் எப்படி ஈடு கொடுத்தார்கள் என்று பாருங்கள். கெட்டிக்காரர் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் குழுவுக்குப் போகத் தயங்கினார். அங்கே போனால் தாம் 'சுமார்' ஆகிவிடலாம். தெரிந்த நுணுக்கத்தைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு முழுதாகச் சொல்லாமல் இருப்பது தற்காப்பு ஆயிற்று. தன் மேனேஜருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, ரேட்டிங் பேசும் கூட்டத்தில் உட்காரும் மற்ற மேனேஜர்களுக்கும் முகம் தெரிய வேண்டும். அதற்கென்று நேரம் போயிற்று. இவர்கள் கெட்டவர்கள் அல்லர். வைத்த அளவுகோலுக்கு ஏற்ப வளைந்தவர்கள்.

மனக்குறையை நிர்வாகம் எப்படித் தவறாகப் படிக்கும் என்பதற்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. 2004-இல் செலவைக் குறைக்கும்போது, உடை மாற்றும் அறைகளில் இலவசமாகக் கொடுத்துவந்த துண்டுகளை நிறுத்தினார்கள். ஊழியர் பெரிதாகக் குமுறினார்கள். 2006-இல் மனிதவளப் பிரிவின் தலைவர் லிசா பிரம்மெல் துண்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார், பாராட்டும் கிடைத்தது. வரிசைப்படுத்தும் முறையோ வடிவம் மாறி மாறி நீடித்தது. கடைசியில் 2013 நவம்பர் 12 அன்று அதே லிசா பிரம்மெல்தான் கர்வும் இல்லை, ரேட்டிங்கும் இல்லை என்று ஊழியருக்கு எழுதினார். அப்போது அங்கே ஏறத்தாழ 1,00,000 பேர் வேலை செய்தார்கள். துண்டு திரும்ப இரண்டாண்டு. அளவுகோல் போக மேலும் ஏழாண்டு.

சிவப்பு மணிகள்

இந்த முறை ஏன் தவறு என்பதற்குப் பேராசிரியர் எங்களுக்குச் செய்து காட்டிய ஒரு சோதனையே சான்று. அது எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞருடையது. ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழி உள்ள ஒரு பலகையைப் பெட்டியில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு பழுது. ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு வரும். ஆறு எடுத்தவரைப் பாராட்டி, பதினான்கு எடுத்தவரைக் கடிந்துகொள்வார்கள். மறுசுற்றில் கணக்கு மாறும். பெட்டி ஒன்றுதான், பலகை ஒன்றுதான், எடுத்த விதமும் ஒன்றுதான். வித்தியாசம் பெட்டிக்குள் இருந்தது. அதை நிரப்பியவர் நிர்வாகி.

ஊழியரை ஆண்டுதோறும் மதிப்பிட்டுத் தரம் பிரிப்பதை, நிர்வாகத்தின் கொடிய நோய்களுள் ஒன்றாக டெமிங் எழுதிவைத்தார். மணி வடிவ வளைவு பொய்யான கணக்கு அல்ல. பெரிய, எழுந்தமானமாக எடுத்த கூட்டத்துக்கு உரியது. நாலு சுற்று நேர்முகத் தேர்வில் சல்லடை போட்டு எடுத்த பத்துப் பேருக்கு அதைச் சாத்துவது புள்ளியியலின் பேரில் செய்யும் அநீதி.

டெமிங் பெயரால் ஜப்பானில் 1951 முதல் ஒரு பரிசு வழங்கப்படுகிறது. தரத்துக்கான உலகப் புகழ்பெற்ற பரிசு. இந்தியாவில் அதை முதலில் வென்றது நம் சென்னையின் பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-இல். அந்தப் பெயரும் அந்தப் பாடமும் நம் ஊருக்குப் புதியவை அல்ல. அதே ஊரின் பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இருந்த என்னைப் போன்றவர்கள்தாம் அதைக் கற்காமல் போனோம்.

எது மாறும், எது மாறாது

மறுபடி மைக்ரோசாஃப்டுக்கு வருவோம். ஹைதராபாதில் பிறந்த சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் அதன் தலைவரானார். மூத்த நிர்வாகிகளுக்கு அவர் கொடுத்த புத்தகம் மார்ஷல் ரோசன்பெர்க்கின் வன்முறையற்ற உரையாடல் பற்றியது. ஒரு கணினி நிறுவனத்தைச் சீர்படுத்த அவர் தொடங்கிய இடம் மனிதர் ஒருவரோடொருவர் பேசும் விதம். இது என்னை நெகிழ வைக்கிறது. ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அதே 2014 ஜூலையில் 18,000 பேரை நீக்குவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. 2023 ஜனவரியில் 10,000 பேரை. அளவுகோலை மாற்றினால் ஊழியரின் அச்சமெல்லாம் தீர்ந்துவிடாது.

அதனால்தான் நல்ல தலைவர் வரட்டும் என்று காத்திருப்பது போதாது என்கிறேன். ஊழியருக்கென்று ஒரு குரல் வேண்டும். அன்று நடப்பில் இருந்த தொழிற்சங்கச் சட்டமும் தொழில் தகராறு சட்டமும் ஐ.டி. ஊழியருக்கும் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. அது பலருக்கு இன்றும் தெரியாது. தெரிந்தவரும் வெளியே சொல்ல அஞ்சுகிறார்கள். ஊழியரின் மனக்குறையை நன்றிகெட்டதனம் என்று பார்க்கிற நிர்வாகி, பெட்டிக்குள் எத்தனை சிவப்பு மணி இருக்கிறது என்று சொல்ல வந்தவரைத் துரத்துகிறார்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் இன்னும் பத்தாண்டில் டீம் லீட் ஆவீர்கள், மேனேஜர் ஆவீர்கள். ஒரு மார்ச் மாதம் உங்கள் மேசைக்கும் அந்தப் பட்டியல் வரும். எழுதும் முன், அந்த மனிதரை எதிரே உட்கார வைத்து, எதைச் சரியாகச் செய்யவில்லை என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எழுதாதீர்கள். அதனால் உங்கள் ரேட்டிங் குறையலாம். குறையட்டும். எழுதியவனுக்கு அதைவிடப் பெரிய இழப்பு உண்டு என்பதை நான் அறிவேன்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இந்த உரை நூலாக அச்சாகிறது என்பதால் என் பதிலை இதில் பதிந்து வைக்கிறேன். அம்மா, நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தீர்கள். தவறு செய்தவன் நான்.