சிறையா, சிகிச்சையா?

பிள்ளை கஞ்சாவோடோ ஹெராயினோடோ போலீஸில் பிடிபட்டால், வீட்டார் முதலில் அலைவது ஜாமீனுக்குத்தான். ஜாமீனில் ஆள் வெளியே வந்துவிடலாம், பழக்கம் விடாது. ஆகவே வக்கீலிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: சிகிச்சைக்கு அனுப்ப வழி உண்டா?

உண்டு. 1985-ஆம் ஆண்டு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையானது. ஆனாலும் விற்றுப் பிழைப்பவரையும் பழக்கத்துக்கு அடிமையானவரையும் அது வேறாகத்தான் பார்க்கிறது. ஹெராயின் என்றால் 5 கிராம் வரை, கஞ்சா என்றால் 1 கிலோ வரை 'சிறிய அளவு'. அந்த அளவோடு பிடிபட்டவரோ, உட்கொண்டதற்காக வழக்கில் சிக்கியவரோ போதைக்கு அடிமையானவராக இருந்தால், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெறலாம். அப்படிப் பெற்றால் 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காப்பாற்றும். பாதியில் நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

குற்றம் உறுதியான பின்பும் கதவு அடைபடுவதில்லை. வயது, முன்நடத்தை, உடல்நிலை, மனநிலை இவற்றைப் பார்த்து, அவருடைய சம்மதத்தோடு, சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுதிக் கொடுத்த பிணைப்பத்திரத்தின்படி, ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு அவர் கோர்ட்டில் ஆஜராக வேண்டும்.

"நாலு மாதம் உள்ளே கிடந்தால் தானே திருந்துவான்" என்பார்கள் சிலர். இதில் உயிராபத்து இருக்கிறது. ஹெராயினுக்குப் பழகிய உடம்பு, அது கிடைக்காத சில வாரங்களிலேயே தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். விடுதலையான முதல் இரண்டு வாரங்கள் மிக ஆபத்தானவை என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் மயாமியில் கோகைன் வழக்குகள் குவிந்தபோது, 1989-இல் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்புவதற்கென்றே தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். சிகிச்சைக்கு அனுப்பியதோடு நீதிபதி ஒதுங்கிவிடவில்லை. சிகிச்சை பெறுபவரை அவரே அடிக்கடி வரவழைத்து விசாரித்தார். சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். பின்னர் அமெரிக்கா முழுவதும் இந்த முறை பரவியது.

நம் சட்டம் வழி காட்டியிருக்கிறது. அதில் நடப்பவரை யாராவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். தவறினால் மீண்டும் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். கைது வரை காத்திருக்கவும் வேண்டாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.