பிழையை உணர்த்தும் துணை
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வழி தெரியாத ஊருக்குச் சென்றால் சந்தியில் நிற்பவரிடம் வழி கேட்கின்றோம். அவர் பிழையாகச் சொல்லிவிட்டாற் சிறிது தூரம் நடந்து திரும்பி வரலாம். முகிலினூடே தரையை நோக்கி இறங்கும் ஆகாய விமானத்துக்குத் திரும்ப நேரம் ஏது? அதற்கு வழி சொல்பவர் சரியாகச் சொல்வது மட்டும் போதாது. தம் சொல் பிழைத்தபோது அதனை உடனே அறிவிக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் செய்யும் ஓர் ஏற்பாட்டைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைமூலம் கூறுகின்றது. அலை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு நமது கருவி தூரத்தைக் கணிக்கின்றது. அலையோ செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வது. ஆகவே, செய்மதியின் கடிகாரம் செக்கனிற் பத்து இலட்சத்திலொரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும்.

அப்படியும் நடக்குமோ என்பீர்கள். 2004 சனவரி 1ஆம் திகதி நடந்தது. செய்மதியொன்றின் கடிகாரம் கெட்டது; ஆயினும் தான் நலமாயிருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருந்தது. அதனை விலக்கி வைக்கச் சுமார் மூன்று மணி நேரம் சென்றது. பொய் சொல்லும் எண்ணம் அதற்கில்லை. தன் பிழையைத் தானே அறிய அதற்கு வழியில்லை.

இக்குறையைத் தீர்க்க எழுந்தவையே செய்மதித் துணை ஏற்பாடுகள். அமெரிக்காவின் ‘வாஸ்’ 2003இற் சேவைக்கு வந்தது. ஐரோப்பாவின் ‘எக்னோஸ்’ 2011இல் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இந்தியாவினது ‘ககன்’. ஆங்கில முதலெழுத்துக்களாலான பெயரேயாயினும், ககனம் என்றால் ஆகாயம் என்பது நாம் அறிந்ததன்றோ?

ககனுக்காக இந்தியாவில் 15 நோக்கு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவை நிற்கும் இடம் முன்னரே நுட்பமாக அளக்கப்பட்டது. செய்மதி சொல்லும் கணக்குக்கும் மெய்யான இடத்துக்குமுள்ள வேறுபாடே பிழை. இதனைத் தலைமை நிலையம் திரட்டி, 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் வேறொரு செய்மதிக்கு அனுப்ப, அது விமானங்களுக்கு அறிவிக்கின்றது. பல மீற்றர்ப் பிழை ஒன்றிரண்டு மீற்றராகக் குறைகின்றது. அதனினும் மேலாக, நம்பத்தகாத செய்மதி எதுவென்றும் சொல்லப்படுகின்றது. இறங்கும் விமானத்துக்கு உயரமும் காட்டும் முதற்படிச் சேவைக்கு, எச்சரிக்கை 10 செக்கனுள் வரவேண்டும். விமானி அறியாமல் வழி தவறும் வாய்ப்பு ஒரு கோடி இறக்கங்களில் இரண்டுக்கு மேற்படலாகாது. இது சர்வதேச விதி.

நமது பகுதியில் இன்னுமோர் இடர் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கின்றது. இதனாலேயே தும்பா தெரிவு செய்யப்பட்டு, 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் றொக்கெற் ஏவப்பட்டது. இக்கோட்டை அடுத்த பகுதிகளிற் பொழுது சாய்ந்தபின் அயன்மண்டலம் கலங்கி, அலைகளைத் தாமதிக்கவும் தடுமாறவும் செய்யும். வடதேசத்தார் வகுத்த கணக்கு இங்கே போதாது. இந்திய அறிஞர் இவ்வானத்துக்கேற்ற கணக்கைத் தாமே வகுத்தனர். 2015இல் ககன் விமானம் இறங்குவதற்கு வழிகாட்டும் சான்று பெற்றது. 2022 ஏப்ரிலில் இராசத்தானின் கிஷன்கர் நிலையத்தில் ஒரு விமானம் அதன் துணையால் இறங்கிக் காட்டியது. ஓடுபாதையருகே விலையுயர்ந்த கருவிகளில்லாத சிறு நிலையங்களுக்கு இது பெருந்துணை.

ககனின் அலை நமது இலங்கைக்கும் எட்டுகின்றது. ஆனால், அலை எட்டுவது வேறு. அதன் சொல்லுக்குப் பொறுப்பேற்பது வேறு. ஒரு வானத்துக்குப் பொறுப்பேற்க, அதனை இடைவிடாது நோக்கும் நிலையங்களும், அந்நோக்கைக் கணக்காக்கும் அறிவும் வேண்டும். அவ்வறிவைத் தேடும் இளைஞர் சிலரேனும் நம்மிடையே தோன்றுவாராயின், இன்று பேசியது வீண்போகாது.