கோபத்துக்கு முன்னால் காகிதம்



நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் வைத்தியத்தில் தப்பு நடந்ததாகச் சந்தேகம் வந்தால், ஒன்று "விதி"ன்னு இருந்துவிடுவோம். இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் கூடிச் சத்தம் போடுவோம். வழக்குக்கு வேண்டியது காகிதம்.

1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போயிற்று. பெற்றோர் சளைக்கவில்லை. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

ஆகவே, சிகிச்சைப் பதிவேடுகளை முதலில் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அப்புறம் வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. காசு கட்டிய வைத்தியமென்றால் 2 வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும்.

சிகிச்சை பலிக்காததெல்லாம் கவனக்குறைவு ஆகாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தப்பில்லாத டாக்டரையும் அந்தக் காகிதமே காப்பாற்றும்.

படித்த நாம், ஊரில் கேட்டு வருபவருக்கு ஒரு மனுவாவது எழுதிக் கொடுப்போம்.