மாத்திரை வேலை செய்கிறது, எண்ணிக்கை ஏன் ஏறவில்லை?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்தையொட்டிப் பேசச் சொன்னார் செயலாளர். ஊசி, ரத்தம், ஒழுக்கம் என்ற வழக்கமான பேச்சை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் வேறொன்று சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜரோடு காலம் கழித்தவன். ஆனால் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குத் துணையாக ஏ.ஆர்.டி. மையத்துக்குப் பல வருஷம் போய் வருகிறேன். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். பெயர், ஊர் கேட்காதீர்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த வேலை அது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியமும் அதில் ஓர் இடம். இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரைதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் அடக்கம்.

மையத்தில் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். ஒன்று, ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பது. மற்றது சி.டி.4 என்னும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் காசநோய், நிமோனியா, மூளைக்காய்ச்சல் எல்லாம் எளிதில் தொற்றும்.

நண்பருக்கு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து வருஷக் கணக்காகிறது. சி.டி.4 மட்டும் 200-ஐத் தாண்டவில்லை. வீட்டில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? "ஒழுங்கா மாத்திரை போடறதில்லை, நம்மகிட்ட மறைக்கிறான்" என்றார் அவருடைய அண்ணன். மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் போனது. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சந்தேகம் போகவில்லை.

மாத்திரை போடாவிட்டால் வைரஸ் ஏறியிருக்கும். ஏறவில்லையே! அந்த ஒரு ரிப்போர்ட்டே சாட்சி. எங்கள் பாஷையில் சொன்னால், கணக்கிலிருந்து பணம் எடுப்பது நின்றுவிட்டது, போடுவதற்குத்தான் ஆளில்லை. இந்த வகை அணுக்கள் பக்குவப்படும் இடம் மார்புக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிவிடும். தொற்று வந்த ஆரம்பத்திலேயே குடல் சுவரில் உள்ள அணுக்கள் ஏராளமாக அழிகின்றன. அந்தச் சுவர் பழுதானால் குடல் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடம்பு ஓயாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். நிணநீர்க் கணுக்களிலும் தழும்பு விழுகிறது. சிகிச்சையைத் தாமதமாக, சி.டி.4 மிகவும் இறங்கிய பிறகு தொடங்கியவர்களுக்கே இது அதிகம். அளவுகோலைப் பொறுத்து நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பேர் வரை இப்படி இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அரிதான விஷயம் இல்லை.

எண்ணிக்கையை ஏற்ற மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இன்டர்லூகின்-2 என்ற ஊசியைப் பெரிய அளவில் பரிசோதித்தார்கள். 2009-இல் முடிவு வெளிவந்தது. சி.டி.4 நன்றாகவே ஏறியது. ஆனால் நோயும் மரணமும் குறையவில்லை. மார்ச் 31-ஆம் தேதிக்காக டெபாசிட்டை உயர்த்திக் காட்டும் கதை வங்கிக்காரர்களுக்குத் தெரியும்; அதே மாதிரிதான். ஆகவே எதிர்ப்பு சக்தி ஏற்றுகிறோம் என்று டப்பாவில் விற்கும் பொடிகளை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள்.

செய்யக்கூடியது சாதாரணமானது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. 200-க்குக் கீழ் இருந்தால் டாக்டர் தரும் கோட்ரிமாக்சசோலையும் தொடர வேண்டும். காசநோய்த் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, இதில் ஒன்று வந்தாலும் அன்றே மையத்துக்குப் போக வேண்டும். பீடி, சிகரெட் கூடாது.

இன்னொரு குழப்பம். சி.டி.4 குறைவு என்றால் அடுத்தவருக்குத் தொற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் உடலுறவு மூலம் பரவாது, சி.டி.4 என்னவாக இருந்தாலும் சரி. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதால் என்றைக்குமே பரவாது.

இதை நம் குடியிருப்பில் சொல்லக் காரணம் உண்டு. வாடகைக்கு வருபவரிடமும் வேலைக்கு வரும் அம்மாவிடமும் மெடிக்கல் ரிப்போர்ட் வாங்கலாமே என்று போன கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வீடு மறுப்பதும் வேலையை விட்டு நிறுத்துவதும் 2017-ஆம் வருஷச் சட்டப்படி தவறு. 2018 செப்டம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. அந்த யோசனையை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.

சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் அந்த எண் மீளும் வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. இங்கே கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் 1097 என்ற எண்ணுக்குப் பேசலாம், அதற்கும் கட்டணம் கிடையாது.