விதியா? விதையா?

(திருவண்ணாமலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் மாஜி விவசாய மந்திரி சி. சுப்பிரமணியம் அவர்களுடைய பொதுத்தொண்டைப் பற்றிப் பேசப்போவதாக நோட்டீசில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம் தோழர்களிலேயே சிலர் காலையில் என்னிடம் வந்து, "ஏனய்யா, அவர் காங்கிரஸ்காரர் அல்லவா? குலக்கல்வி கொண்டுவந்த மந்திரிசபையில் இருந்தவர் அல்லவா? அவரைப் பற்றி நம் மேடையில் என்ன பேச்சு?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆனால் நம் ஆள் என்பதற்காக ஒருவரைப் புகழ்வதும், எதிரி ஆள் என்பதற்காக இகழ்வதும் பக்தர்கள் செய்கிற காரியமே தவிர, பகுத்தறிவுக்காரர் செய்கிற காரியமாகாது. அவர் செய்த காரியம் என்ன, அதனால் யார் வயிறு நிறைந்தது, யார் வயிறு எரிந்தது என்று கணக்குப் பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் பற்றுக் கணக்கைப் பார்ப்போம். 1952-ல் ராஜாஜி அமைத்த மந்திரிசபையில் இவர் முக்கியமான மந்திரி. அந்த மந்திரிசபைதான் 1953 ஜூன் மாதத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் மாத்திரம் படிப்பு என்றும், மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தகப்பன் தொழில் என்றால் என்ன அர்த்தம்? வக்கீல் மகனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பட்டணங்களில் இருந்தவர்களுக்குத் திட்டமே இல்லை. மண் பிசைகிறவன் மகன் மண் பிசைய வேண்டும், துணி வெளுக்கிறவன் மகன் துணி வெளுக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறென்ன இருந்தது?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் இந்த ஜில்லாவில் சட்டி பானை செய்து பிழைத்த குடும்பம். என் தகப்பனாருக்கு அப்போது ஏழு வயது. காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் சூளை. மறு வருஷம் திட்டம் போய்விட்டது. ஆனால் என் பாட்டனார், "பையன் கை மண்ணுக்குப் பழகிவிட்டது, இனிமேல் எதற்குப் பள்ளிக்கூடம்?" என்று நிறுத்திவிட்டார். இன்றைக்கும் என் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாது. சுப்பிரமணியம் என்ற பெயரை எடுத்தால் அவர் முகத்தைச் சுளிப்பார். நான் இன்று இந்தத் தலைப்பில் பேசப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை என்பதையும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பெரியாரும் நம் இயக்கத்தாரும் கிளப்பிய எதிர்ப்பில் ராஜாஜி 1954-ல் விலகினார். அடுத்த தலைவர் யார் என்ற போட்டியில் காமராசருக்கு எதிராக நின்றவர் இதே சுப்பிரமணியம்தான். காமராசருக்கு 93 வோட்டு, இவருக்கு 41. தோற்றவரைக் காமராசர் வெளியே தள்ளினாரா? இல்லை. எட்டுப் பேர் கொண்ட தம் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டு, கல்வி இலாகாவையே அவர் கையில் கொடுத்தார். அந்த வருஷம் மே மாதத்தில் குலக்கல்வி ஒழிந்தது. 1956-ல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் ஓடியாடிப் பாடுபட, கிராமத்தார் கொடுத்த அரிசியையும் பருப்பையும் கொண்டு பள்ளிகளில் மத்தியானச் சாப்பாடு துவங்கிய காலத்திலும் கல்வி மந்திரி இவரே. யோசனை காமராசருடையது என்பது உண்மை. ஆனால் நேற்று ஒரு தவறான காரியத்துக்குத் துணை நின்றவர், இன்று நேர் எதிரான காரியத்தில் மனம் வைத்து உழைத்தார் என்றால் அதை வரவுக் கணக்கில் எழுதாமல் இருக்க முடியுமா? ராஜாஜியின் சீடராக இருந்தவருக்கு அது சுலபமாக இருந்திருக்காது.

இனி விவசாயத்துக்கு வருகிறேன்.

இவர் 1910-ல் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி காலேஜில் பௌதிகம் படித்து, பிறகு வக்கீலானவர். 1964-ல் லால்பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, விவசாய இலாகாவை இவரிடம் கொடுத்தார். அது யாரும் விரும்பாத இலாகா. ஏனெனில் அப்போது நம் தேசத்தார் அமெரிக்கக் கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக் கொண்டிருந்த காலம். 1964-65-ல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல், மழை பொய்த்ததால் மறு வருஷம் 7 கோடியே 20 லட்சம் டன்னாக விழுந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பாமல், கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். சுயராஜ்யம் வந்த தேசத்துக்கு இது எவ்வளவு பெரிய மானக்கேடு!

அந்தச் சமயத்தில் பண்டிதர்கள் என்ன செய்தார்கள்? கழுத்தளவு தண்ணீரில் நின்று வருண ஜெபம் செய்தார்கள். மழைதான் இல்லையே, கழுத்தளவு தண்ணீர் எங்கே கிடைத்தது என்று நீங்கள் கேட்கக்கூடாது! சுப்பிரமணியம் என்ன செய்தார்? விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். அதுவரையில் விவசாய ஆராய்ச்சி சபைக்கு உத்தியோகஸ்தர்களே தலைவர்கள். பயிரைத் தெரிந்தவன் கீழே, பைலைத் தெரிந்தவன் மேலே. இதை மாற்றி, பி.பி. பால் என்ற விஞ்ஞானியைச் சபையின் தலைமைக்குக் கொண்டுவந்தார். நமது எம்.எஸ். சுவாமிநாதன் முதலியவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்.

அவர்கள் சொன்னது இதுதான். நம் நாட்டுக் கோதுமை உயரமானது. உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்து போகும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்பவர் உண்டாக்கிய குட்டை ரகம் உரத்தைத் தாங்கி நிற்கும். நெல்லிலும் இதே சங்கதிதான். 1966-ல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை நம் ஜில்லாப் பெரியவர்கள் பலர் நட்டிருப்பீர்கள்.

உடனே கிளம்பியது எதிர்ப்பு. அந்நியச் செலாவணி வீண் என்றார் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அந்நிய விதை அடிமைத்தனம் என்றார்கள் சிலர். பணக்கார விவசாயிக்குத்தான் லாபம் என்றார்கள் வேறு சிலர். இவர் டில்லியில் தம் சர்க்கார் பங்களாவின் புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையைப் போட்டுக் காட்டினார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலேறி வந்தது.

விதை மாத்திரம் போதாது, விளைத்தவனுக்கு விலை வேண்டும் என்பதையும் அவர் தெரிந்திருந்தார். விலை நிர்ணயிக்க ஒரு கமிஷனும், கொள்முதல் செய்ய இந்திய உணவுக் கழகமும் 1965-ல் ஏற்பட்டன. உணவுக் கழகத்தின் முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில்தான். இன்று ரேஷன் கடைக்கு வரும் அரிசியின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

இன்னொன்று. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்பில் நம் பிள்ளைகள் துப்பாக்கிக்கு இரையானபோது, இவரும் ஓ.வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜிநாமாச் செய்தார்கள். பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இருந்தும் 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் இவர் தோற்றார். இந்தியின்மேல் ஜனங்களுக்கு இருந்த கோபமும் அரிசிப் பஞ்சமும் சேர்ந்து அடித்த அடி அது. நம்மவர்களும் அடித்தோம். அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! மறு வருஷம் கோதுமை அறுவடை 1 கோடியே 65 லட்சம் டன். அதற்கு முந்திய வருஷம் 1 கோடியே 14 லட்சம்தான். மூட்டைகளை அடுக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடிக் கோதுமையை வைத்தார்கள். விதைத்தவர் வீட்டில் இருந்தார். தபால்தலை வெளியிட்டது வேறு மந்திரிகள்.

அவருக்கு 1998-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 2000-ல் காலமானார்.

அவரிடத்தில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தம் வாழ்க்கைக் கதையை அவர் இங்கிலீஷில் எழுதி, அதற்கு "விதியின் கை" என்று அர்த்தமாகும்படி பெயர் வைத்தார். ஐயா, உங்களைக் கேட்கிறேன்! 18,000 டன் மூட்டையைக் கப்பலிலிருந்து இறக்கியது விதியின் கையா, துறைமுகக் கூலியின் கையா? புல்வெளியில் ஏர் பிடித்தது எந்தக் கை? விதியென்று சும்மா இருந்திருந்தால் நாம் இன்னும் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். சுவாமி சித்பவானந்தரின் சொந்தக்காரர் என்பதால் வந்த பழக்கமோ என்னவோ!

ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "உரமும் மருந்தும் வாங்கிக் கடனாளியான எங்களுக்கு இவர் என்ன நன்மை செய்தார்? எங்கள் கிணறு வற்றி, ஆழ்துளை போட்டும் தண்ணீர் இல்லையே?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. பஞ்சாபிலும் நிலத்தடி நீர் இறங்கித்தான் போயிற்று. பாசனம் உள்ளவனுக்கு முதலில் கிடைத்த லாபம், மானாவாரியில் வேர்க்கடலை போடும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் வாஸ்தவம். அன்று பஞ்சத்தை நிறுத்த அவர் செய்த வைத்தியத்தையே அறுபது வருஷமாக அளவு பார்க்காமல் கொடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு கெடாதா? அதற்கு மருந்தைக் கண்டுபிடித்தவனைவிட, பிறகு வந்து நாடி பிடித்துப் பார்க்காதவர்களைத்தான் நான் அதிகம் குற்றம் சொல்வேன். அவரே இருந்திருந்தால் மறுபடியும் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேடைக்கு வந்து சொல்லலாம்.

இன்னும் நான்கு சீட்டுகள் இருக்கின்றன. தலைவர் அனுமதித்தால் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.