குறுக்கு விசாரணைக்கு நிற்கிற சாட்சி



பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, சிங்கப்பெருமாள் கோயிலில் வேதாகமக் கல்லூரி நடத்துவதில் ஒரு நன்மை உண்டு. வாசலைத் தாண்டியதுமே கேள்வி வந்துவிடும். பல்லவர் காலக் குடைவரையில் பாடலாத்ரி நரசிம்மரைச் சேவித்துவிட்டு வருகிறவர் உங்களிடம் கேட்பார்: "உங்க கூட்டத்துல சுகமாச்சுன்னு சொல்றீங்க. எங்க வீட்லயும் பெருமாள்கிட்ட வேண்டிக்கிட்டுச் சுகமாகியிருக்கே. அதுக்கு என்ன சொல்றீங்க?" கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஐரோப்பிய ஞானிகள் தந்த நிரூபணங்களைப் படித்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள். கேட்டவருக்கு அது எதுவும் உதவாது. கடவுள் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

விசுவாசத்துக்காக வழக்காடுகிறவர்களில் பலர் தத்துவத்திலிருந்து தொடங்குவார்கள். அபிஷேகத்தையும் வரங்களையும் நம்புகிற நாமோ சாட்சியிலிருந்து தொடங்குகிறோம்: "எனக்கு இது நடந்தது." நம் பலம் அதுதான், ஆபத்தும் அதுதான். கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு யாரும் உடனே கூண்டைவிட்டு இறங்கிவிட முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருப்பார். நம் சபைகளில் சாட்சி நேரம் உண்டு, குறுக்கு விசாரணை நேரம் கிடையாது. அல்லேலூயா சொல்லி மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று யார் சொன்னது? இங்கிருந்து சென்னை பீச் ரயிலில் போனால் பரங்கிமலை வரும். தோமா அங்கே இரத்த சாட்சியாக மரித்தார் என்பது நம் நாட்டுக் கிறிஸ்தவர்களின் நெடுங்கால மரபு. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீஷன் அவர். ஆண்டவர் அவரைச் சபையைவிட்டு நீக்கவில்லை. கையை நீட்டு என்றார்.

"இந்த அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு" என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வரும். பாரம்பரிய சபைகளில் இருக்கிற நம் சொந்தக்காரர்களே சொல்வார்கள். இதற்கெல்லாம் தொடக்கமாக அவர்கள் காட்டும் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து அசூசா தெரு எழுப்புதல் 1906-இல் நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் அதே அடையாளங்கள் 1860-இலேயே காணப்பட்டன. அதன் நடுவில் நின்றவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியுஸ் ஐயரிடம் படித்தவர். மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் பாதிப்பால் மிஷன் சம்பளம் வேண்டாம் என்று ஊழியம் செய்தவர். திருவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கியவர். அழுகை, பாவ அறிக்கை, தரிசனம், அந்நியபாஷை எல்லாம் அங்கே நடந்தன. அருளப்பன் நாட்குறிப்பு எழுதினார். எழுதியதால்தான் 1939-இல் ஜி. எச். லாங் அதை நூலாகத் தொகுக்க முடிந்தது. அதனால் இன்று நம்மால் அந்த வழக்கில் ஜெயிக்க முடிகிறது. சத்தமாக ஜெபித்த எத்தனையோ பேரின் எழுப்புதல்கள் எழுதப்படாமலே போயின.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த எழுப்புதலின் அலை 1870-களில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே யுஸ்துஸ் யோசேப்பும் அவரைச் சேர்ந்தவர்களும் கிறிஸ்து 1881-இல் வருவார் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்தது, போனது. எழுப்புதலை நம்பாதவர்கள் சிரிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆவியானவரை அவித்துப்போடாதே என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின அதே பவுல், அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்றும் எழுதினார். முதல் பாதியைப் பேனரில் அச்சடிக்கிறோம். இரண்டாம் பாதிக்குப் பேனரில் இடம் போதுவதில்லை.

சுகமளித்தலுக்கு வருகிறேன். அதிகம் அடி வாங்குகிற இடம் இது.

பக்கத்தில் செங்கல்பட்டில் திருமணி இருக்கிறது. இன்று மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற இடத்தில், ஸ்காட்லாந்து மிஷனின் பங்கோடு தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றினார். தொழுநோய்க்கு சல்ஃபோன் மருந்துகளைப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் 1947-இல் அவரைப் பார்க்க வந்தார். நோயாளிகளின் விரல்கள் மடங்கிக் கிடப்பதைப் பார்த்தார். ஒருவரின் கைக்குள் தன் கையை வைத்து அழுத்தச் சொன்னார். செத்துப்போனதாக நினைத்த கை. பிராண்டுக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. அப்படியானால் சில தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன! அந்தப் பிடியிலிருந்து பிறந்தவைதான் வேலூரில் அவர் செய்த தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சைகள். மடங்கிய கைகள் விரிந்தன, சோறு பிசைந்தன.

தொழுநோயாளியைத் தொடுவதற்கு ஊரே பயந்த காலத்தில் கை நீட்டியவனிடம் ஆவியானவர் இல்லை என்று எந்தப் பாஸ்டர் சொல்வார்? மறுபக்கம், இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புலியூரில் பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையகம் இருக்கிறது. மருந்தைத் தொடாமல் ஜெபத்தையே நம்பி வாழும் ஊழியர்கள் அந்தச் சபையில் உண்டு. அவர்களுடைய அர்ப்பணிப்புக்கு முன் நான் தலை குனிகிறேன், அந்த உபதேசத்தோடு உடன்படவில்லை. தனக்காக மாத்திரையை விடுவது ஒருவரின் விசுவாசமாக இருக்கலாம். மேடையில் நின்று ஊர்ப் பிள்ளையின் இன்சுலினை நிறுத்தச் சொல்வது அக்கிரமம். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று பவுல் கூச்சமில்லாமல் எழுதினார். அப்போஸ்தலரின் கடிதத்தில் சுகமாகாதவனுக்கு இடம் இருக்கிறது. நம் மாதப் பத்திரிகைகளில் இருக்கிறதா?

அற்புதங்கள் நடக்கின்றன என்று நம்புகிறேன். நம்புவதால்தான் பொய்ச் சாட்சி எனக்கு எரிச்சல் தருகிறது. கத்தோலிக்கத் திருத்தலமான லூர்து நகரில், குணமானேன் என்பவர்களைச் சோதிக்க 1883 முதல் மருத்துவர் குழு ஒன்று இருக்கிறது. குணமானதாக ஆயிரக்கணக்கானோர் சொல்லியிருக்கிறார்கள். கத்தோலிக்க சபை இதுவரை அற்புதம் என்று ஏற்றது எழுபதைச் சற்றே தாண்டும். இவ்வளவு குறைவா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் குறைவுதான் அந்த எழுபதுக்கும் மதிப்பு.

சரி, கோயிலிலிருந்து வந்தவருக்கு என்ன பதில்? "உங்களுக்கு நடந்தது பொய்" என்று சொல்லாதீர்கள். பார்க்காததற்கு நீங்கள் சாட்சியல்ல. அற்புதம் மட்டுமே அத்தாட்சி என்றால் வேளாங்கண்ணி, நாகூர், திருப்பதி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடியாது. தம் பெயரில் அற்புதம் செய்தவர்களிடமே, உங்களை அறியேன் என்று ஒரு நாள் சொல்லப்போவதாக இயேசு எச்சரித்திருக்கிறார். ஆகவே நம் வழக்கு அற்புதத்தோடு முடிவதில்லை. சிலுவையில் அறையப்பட்டவர் உயிர்த்தெழுந்தார் என்பதில் அது நிற்கிறது. எனக்கு நடந்த சுகம் அவரிடம் போகிற வழிகாட்டிப் பலகை. இதைச் சொல்லிவிட்டு, கேட்டவரின் கதையையும் பொறுமையாகக் கேளுங்கள்.

அவருடைய நம்பிக்கையை ஏளனம் செய்யாதீர்கள். ஏளனம் என்ன செய்யும் என்பதற்கு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போதும். பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். சைவத்தைத் தூற்றிய மிஷனரிப் பிரசுரங்களுக்கு 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். பதிலுக்கு அவர் எடுத்த ஆயுதம் நம் வேதாகமமே. அதில் நம்மவர் பலரைவிட அவருக்குத் தேர்ச்சி அதிகம்.

கடைசியாக ஒரு கசப்பு. சென்னையில் பிறந்து, உலகப் பல்கலைக்கழக மேடைகளில் விசுவாசத்துக்காக வாதாடியவர் ரவி சகரியாஸ். வாதத்தில் அவரை மடக்கியவர்கள் குறைவு. அவர் மறைந்தபின், அவருடைய ஊழிய நிறுவனமே அமர்த்திய விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. பெண்களிடம் அவர் நடத்திய பாலியல் அத்துமீறல்களை அது உறுதி செய்தது. முன்பே குரல் எழுப்பிய பெண்ணைப் பலர் நம்பவில்லை. வரம் இருக்கிறவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற பயம் அவருடைய வட்டத்தைவிட நம் சபைகளில் இன்னும் அதிகம். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று ஒரு வசனத்தைக் காட்டி வாயை அடைக்கிறோம். உங்கள் சபையில் அதை அனுமதிக்காதீர்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தை மூப்பர்கள் பார்க்கட்டும், உங்கள் தீர்க்கதரிசனம் தவறினால் அதே மைக்கில் சொல்லுங்கள்.

பட்டத்தை வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளே, போகிற சபையில் ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். சுகமானேன் என்பவரின் வியாதி, மருத்துவர் சொன்னது, ஆறு மாதம் கழித்து நிலைமை என்ன என்று எழுதுங்கள். அவர் சம்மதமில்லாமல் யாருக்கும் காட்டாதீர்கள். அதே நோட்டில் ஜெபித்தும் சுகமாகாதவர்களின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் வீடு சந்திப்பை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.