மழைக்கு ஒதுங்க ஒரு விறாந்தை



கல்கிசையில் ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, யோர்க் வீதிப் பக்கம் நடந்தால் செக்கச் சிவந்த ஒரு செங்கல் மாளிகை எதிர்ப்படும். கார்கில்ஸ் கட்டடம். அதன் முகப்பைப் படம் பிடிக்காதவர் குறைவு. படத்தில் சரியாக விழாத ஒன்று அதன் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீதியோரமாக நீளும் வளைவு விறாந்தை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1844இல் வில்லியம் மில்ன் தொடங்கி, டேவிட் சைம் கார்கிலின் பெயரால் வளர்ந்த வியாபாரம் இது. கட்டடம் நிற்பது, ஒரு காலத்தில் காலியில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த பீட்டர் ஸ்லுயிஸ்கனின் வீடு நின்ற இடம். முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த்தும் அங்கே குடியிருந்தார். கட்டடக் கலைஞர் எட்வர்ட் ஸ்கின்னரின் திட்டப்படி எழுந்த இப்போதைய கட்டடம் 1906இல் நிறைவுற்றது. துரைமாருக்கும் தோட்டக்காரருக்கும் சீமைச் சாமான் விற்கக் கட்டிய கடைதான். ஆனாலும் அந்த விறாந்தை அன்றும் இன்றும் தெருவோடு சேர்ந்தது. பருத்த தூண்களுக்குப் பின்னால் வெயில் தணிந்துவிடுகிறது. ஐப்பசி மழை கொட்டினால் வங்கி எழுதுவினைஞரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே வளைவின் கீழ் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர் சும்மா நிற்பாரா? கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்ப்பார். வியாபாரிக்கும் அதில் லாபம் உண்டு. பிறருக்கு நிழல் கொடுத்துத் தானும் பிழைக்கிற இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். சிங்கப்பூரில் இதையே ‘ஐந்தடி’ என்பார்கள். 1822இல் ஆங்கிலேய நிர்வாகி ராபிள்ஸ் அந்த நகருக்கு வகுத்த திட்டம் கடை வரிசையின் முன்னால் தொடர்ச்சியான கூரை நடையை விதியாக்கியது.

எங்கள் கல்கிசைப் பக்கத்துக் காலி வீதியின் பழைய கடைகளுக்கு இத்தனை ஆடம்பரம் கிடையாது. ஓட்டுக்கூரை, மரத்தூண், முழங்கால் உயரத் திண்ணை, பலகைக் கதவு. பலகைகள் ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் இருக்கும். காலையில் வரிசையாகக் கழற்றிச் சுவரோரம் சாத்தி, இரவில் அதே வரிசையில் தவாளிப்பில் இறக்கவேண்டும். ஒன்று மாறினாலும் கடைசிப் பலகை உள்ளே போகாது. இப்படிப்பட்ட கடையைப் புதுப்பிக்கும்போது முதலில் பறிபோவது விறாந்தைதான். இரும்பு ஷட்டரை வீதி விளிம்புவரை தள்ளிவிடுகிறார்கள். நடப்பவர் பஸ்ஸுக்கு முன்னால் இறங்கவேண்டியதாகிறது.

புதுப்பித்ததால் மட்டும் பழைய கடைகள் மறையவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள் கொளுத்தப்பட்டன. பெயர்ப்பலகையும் கணக்குப் புத்தகமும் கூரையோடு எரிந்தன. அதனால்தான் எஞ்சி நிற்கும் ஒவ்வொன்றும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எஞ்சியவற்றைச் சட்டம் காக்கும் என்று இருந்துவிட முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு, முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுத்தது. கடைத்தெருக் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைச் சீர்செய்து 2011இல் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் திறந்தார்கள், நல்ல வேலை. ஆனால் எல்லாக் கடையையும் அப்படிப் பேண அரசிடம் பணம் இராது, தேவையும் இல்லை. உரிமையாளர் சீமெந்து பூசட்டும், மாடி எழுப்பட்டும். திட்டத்தை அங்கீகரிக்கும்போது தெஹிவளை–கல்கிசை மாநகர சபை ஒன்றை மட்டும் கேட்கவேண்டும்: முன்விறாந்தையை அடைக்காதே. அதை விட்டுக்கொடுப்பவருக்கு வரியில் சலுகை கொடுத்தாலும் தகும்.